சேரரும் சாதவாகனரும்

சித்தூர், நகரி பக்கத்துத் தமிழருக்கு அன்றாடக் காட்சியான வேங்கட மலைத்தொடர்தான் சங்க காலத் தமிழகத்தின் வட எல்லை. அதற்கு வடக்கே சாதவாகனர் தக்காணத்தின் பெரும்பகுதியை ஆண்ட காலத்தில், தென்மேற்கே சேரர், பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறித் துறைமுகத்தையும் கரூரையும் இணைத்து, மிளகு வணிகத்தால் வலுப்பெற்றனர். பரப்பில் சேரர் ஈடாகமாட்டார்கள்.

மொழியில்தான் வேறுபாடு சுவையானது. சாதவாகனர் தம் கல்வெட்டுகளை வட இந்திய மொழியான பிராகிருதத்தில் பொறித்தனர்; கரூர் அருகேயுள்ள புகளூர்க் குகையிலோ, சேரர் மூன்று தலைமுறைப் பெயர்களுடன், செங்காயபன் என்னும் சமணத் துறவிக்கு உறைவிடம் அளித்த செய்தி தமிழிலேயே உள்ளது. ஆனால் சாதவாகனரின் வெள்ளிக்காசுகள் சிலவற்றில் ஒருபுறம் மன்னர் தலையும் பிராகிருதமும், மறுபுறம் தமிழை ஒட்டிய மொழியும் காணப்படுகின்றன. கைமாறும் காசுக்கு மக்கள் மொழி தேவைப்பட்டது போலும்.