புற்றுநோய் தாமதமாகத் தெரிந்தால்: நுகர்வோர் ஆணையமா, மெடிக்கல் கவுன்சிலா, போலீஸா?

மார்பில் வந்த கட்டியை ஊசிச் சோதனை செய்யாமலே கொழுப்புக் கட்டி என்று அனுப்பிவிடுவது, மலத்தில் ரத்தம் போனதற்கு மாதக்கணக்கில் மூல நோய் மருந்து தருவது, நுரையீரல் புற்றுக்கு டி.பி. மாத்திரை கொடுப்பது எல்லாம் நடக்கிறது. அப்புறம் எங்கே போவது? காசு கட்டி வைத்தியம் பார்த்திருந்தால் நுகர்வோர் ஆணையம்தான் முதல் வழி.

போலீஸை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மரணம் நேர்ந்திருந்தால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் சட்டம்) 106(1) பொருந்தலாம், டாக்டருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், நடவடிக்கைக்கு முன் வேறொரு டாக்டரின் கருத்தும் வாங்க வேண்டும். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் டாக்டரின் பதிவை நிறுத்தி வைக்கலாம், இழப்பீடு தராது.

நுகர்வோர் ஆணையத்தில் முக்கியமான வசதி இடம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். ஓசூர்க்காரர் பெங்களூரு ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தாலும் கிருஷ்ணகிரியில் வழக்குப் போடலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. கணக்கு கட்டிய தொகையை வைத்து, கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். காலக்கெடு 2 ஆண்டு. நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட முடியும், ஆனாலும் தவறாகச் சொன்ன நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி போல எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடத்தில் நடந்தது என்றால் இந்தக் கதவு திறக்காது. உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பு அப்படி. அங்கே சிவில் வழக்குதான். முதலில் அரசுக்கு 2 மாத நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காமல் வக்கீல் தரும். முதல்வர் காப்பீட்டில் தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தால், பணத்தை வேறொருவர் கட்டியதால் அது இலவசமல்ல என்று வாதாட இடமுண்டு.

எந்த வழியில் போனாலும் வழக்கை முடிவு செய்வது ஒன்றுதான்: அந்தத் தாமதத்தால் என்ன கெட்டது? நோய் தாமதமாகத் தெரிந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அன்றே சோதித்திருந்தால் எந்த ஸ்டேஜ், இப்போது எந்த ஸ்டேஜ், அதனால் சிகிச்சை எப்படி மாறியது என்று ஒரு புற்றுநோய் டாக்டர் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே நான்காம் ஸ்டேஜாக இருந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், தப்பு நிரூபணமானாலும் தொகை சுருங்கிப்போகும்.

அதற்குத் தேவை தேதி போட்ட காகிதம். ஓ.பி. சீட்டு, பில், ஸ்கேன் பிலிம், லேப் ரிப்போர்ட் எதையும் தூக்கிப்போடாதீர்கள். உள்நோயாளி கேஸ் ஷீட்டை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். ஆஸ்பத்திரி அதை வைத்திருக்க வேண்டியதோ 3 ஆண்டுதான். விண்ணப்ப நகலில் சீல் வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத் தபால் போடுங்கள். பழைய பயாப்சி (சதைச் சோதனை) இருந்தால் ரிப்போர்ட்டோடு நிற்காமல் ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) வாங்கி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போன்ற இடத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முதல் லேப் தவறாகப் படித்ததா, டாக்டர் ரிப்போர்ட்டைக் கவனிக்கவில்லையா என்பது அங்கேதான் பிரியும். யாரை எதிர்மனுதாரர் ஆக்குவது என்பதும் அப்போதுதான் தெரியும்.