டீக்கு ஆகாத சூயிங்கம்: 19 மாத அனுபவம்

போன வாரம் கூடப் படித்த நண்பன் போன் பண்ணி, "மச்சி, நீ எதைப் போட்டு சிகரெட்டை விட்ட? பேரை மட்டும் சொல்லு, வாங்கிக்கிறேன்" என்றான். பேரை மட்டும் சொல்ல மனசு வரவில்லை. பேரை மட்டும் தெரிந்துகொண்டு போய்த்தான் நான் இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 17 வருடப் பழக்கம், நாளுக்கு 12 சிகரெட். பயன்படுத்தியது நிக்கோட்டின் சூயிங்கம். சிகரெட்டில் இருக்கும் அதே நிக்கோட்டினைப் புகையில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சிகரெட் ஏக்கத்தை அடக்கும் மருந்து. எனக்கு அதன் மேல் ஒரே கோபம், டீ விஷயத்தில்தான்.

எங்கள் ஊரில் தம் அடிப்பவனுக்கு டீ வேறு, சிகரெட் வேறு கிடையாது. பட்டறைக்கு எதிரிலேயே பேக்கரி. பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ, இரண்டுக்கும் ஒவ்வொரு சிகரெட். மனசு கிடந்து அடித்துக்கொள்வது சரியாக அந்த நேரத்தில். இந்த மருந்து வேலை செய்யாமல் போவதும் அதே நேரத்தில். நிக்கோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். டீ, காபி, கலர், ஜூஸ் குடித்தால் வாயில் அமிலத்தன்மை ஏறிவிடும். அப்போது என்ன மென்றாலும் மருந்து ஏறாது. குடித்து 15 நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும். வாயில் இருக்கும்வரை ஒரு மடக்குகூடக் குடிக்கக் கூடாது.

இதை எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் 600 ரூபாய் கட்டிப் பார்த்தேன். நாலு நிமிடத்தில் 2 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மெடிக்கலில் கேட்டால், "சாதா சூயிங்கம் மாதிரி மெல்லுங்கண்ணா" என்றான் பையன். மென்றேன், டீயோடு சேர்த்து. விக்கல் நிற்காது, நெஞ்செரிச்சல், தாடை வலி. எரிச்சல் தாங்காமல் கூடவே சிகரெட்டும் பிடித்தேன். மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன்.

2018 செப்டம்பரிலிருந்து எல்லா சிகரெட் பாக்கெட்டிலும் புகையை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. வருடக்கணக்கில் சட்டைப் பையில் சுமந்த எண். ஒருநாள் பாக்கெட் காலியானபோது அடித்தேன். தமிழில் பேசிய அந்தப் பெண் எடுத்தவுடன் கேட்டது: "காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட் பத்த வைப்பீங்க சார்?" பத்து நிமிஷத்துலங்க என்றேன். அரைமணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றார். அந்த ஒரு கேள்வியை 600 ரூபாய் வாங்கிய இடத்தில் கேட்டிருக்கலாம்.

அடுத்து மெல்லவே சொல்லிக் கொடுத்தார். மெதுவாக நாலைந்து கடி. மிளகைக் கடித்த மாதிரி நாக்கில் சுருக்கென்றதும் நிறுத்திவிட வேண்டும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்தால் மெல்ல மெல்ல அந்தச் சுருக் அடங்கும். மறுபடி இரண்டு கடி, இந்தத் தடவை அடுத்த கன்னம். அரைமணி நேரம் இப்படியே. எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தால்தான் விக்கலும் எரிச்சலும் வருமாம். வேறு டாக்டரிடம் சீட்டு வாங்கி, மறுநாளே லேத் ஓட்டிக்கொண்டே செய்து பார்த்தேன். முதல் சுருக்கில் கையின் நடுக்கம் அடங்கியது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

டீக்கு அவர் சொன்ன வழி: "டீயை நிறுத்த வேண்டாம் சார், இடத்தை மாத்துங்க. மூணரைக்கு கம் போடுங்க, நாலு மணிக்குத் துப்பிட்டு டீ குடிங்க." பிளாஸ்க்கில் வீட்டு டீ கொண்டு வந்தேன். மூன்று மாதம் பேக்கரிப் பக்கமே போகவில்லை.

நாலாவது மாதம் பெரியப்பா இறந்தார். சாவு வீட்டு வாசலில் யாரோ நீட்டினார்கள், இரண்டு பிடித்தேன். அடுத்த அழைப்பில் அதைச் சொல்லவே தயங்கினேன். அந்தப் பெண் திட்டவில்லை. எத்தனை மணி, பக்கத்தில் யார், கையில் கம் இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்திருக்கவில்லை. அன்றிலிருந்து வண்டிச் சாவிக்கொத்தோடு ஒரு சின்ன டப்பாவில் இரண்டு எப்போதும் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு சிகரெட்கூட இல்லை.

ஆனால் 12 வாரத்தில் முடிய வேண்டிய சூயிங்கம் எனக்கு முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன், மூணரை மணிக்குப் போடும் ஒன்று மட்டும் 2 மில்லிகிராமாக இன்னும் ஓடுகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை, படியேறினால் மூச்சு வாங்குவதில்லை, இருமல் போய்விட்டது. எல்லாம் சரிதான். பக்கத்து லேத்துக்காரர் சூடாக டீயைக் கொண்டுவந்து நீட்டும்போது வாயில் இதை வைத்துக்கொண்டு "அப்புறம் குடிக்கிறேண்ணா" என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்தக் கோபம் 19 மாதமாகியும் ஆறவில்லை. டீ குடிக்கிற ஊரில் விற்கிற மருந்து, அட்டையின் முன்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அதைச் சொல்ல வேண்டாமா?

என்னைச் சிகரெட்டிலிருந்து மீட்டது இதுதான். இருந்தும் ஐந்துக்கு இரண்டு மார்க்குக்கு மேல் போட எனக்குக் கை வரவில்லை. மச்சி, மெடிக்கலுக்குப் போகும் முன்னால் அந்த எண்ணுக்குப் போன் பண்ணு. காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லு.