ஹட்டனில் ஒரு நோர்வேஜிய வகுப்பு: ஆசிரியைக்கு முழுப் புள்ளி, கையேட்டுக்குப் பூச்சியம்

நோர்வேயில் வசிக்கும் கணவருடன் சேர விண்ணப்பித்திருக்கும் என் தங்கைக்குத் துணையாக, ஹட்டன் நகரில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் நோர்வேஜிய மொழி வகுப்பொன்றில் நானும் மூன்று மாதங்கள் அமர்ந்திருந்தேன். பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில் நடக்கும் அந்த வகுப்பில், மழை பிடித்துக்கொண்டால் தகரக்கூரையின் இரைச்சலில் ஆசிரியையின் குரல் கேட்காது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் நாளில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த கையேட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதில் ஆங்கில வினைத்தொடர் ஒருபுறமும் நோர்வேஜியச் சொல் மறுபுறமுமாக, ஒன்றுக்கு ஒன்றென்று அச்சிட்டிருந்தார்கள். ‘புட் ஒன்’ என்பதற்கு நேரே ‘செத்தெ போ’ என்று மட்டுமே இருந்தது. (தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பே சிரித்தது.) அதை நம்பித் தங்கை, “குளிர்கிறது, ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன்” என்று எழுத முயன்று, கேத்தலை அடுப்பில் போடும் வினையை ஸ்வெட்டருக்கு மாட்டிவிட்டாள்.

ஆசிரியை கையேட்டை மூடச்சொல்லிவிட்டு, தமிழில் எதையெல்லாம் ‘போடுகிறோம்’ என்று கேட்டார். சட்டை, பாட்டு, லைட், தேத்தண்ணி என்று அடுக்கினோம். பின்வரிசையிலிருந்து ஒருவர் “சதையும் போடும் டீச்சர்” என்றார். நம் ‘போடு’வும் ஆங்கிலத் தொடரும் ஏறக்குறைய ஒரே அகலம் என்றும், நோர்வேஜிய மொழியோ அந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். உடைக்கு ‘தா போ சை’, பாட்டுக்கும் கேத்தலுக்கும் ‘செத்தெ போ’, லைட்டுக்கு ‘ஸ்க்ரூ போ’, உடம்பு போடுவதற்கு ‘லெக்கெ போ சை’. நாடகம் போடுவதென்றால் ‘போ’வே கிடையாது, அது ‘செத்தெ ஒப்’.

அந்தச் ‘சை’யில்தான் அவர் அதிக நேரம் நின்றார். போட்டுக்கொள் என்பதில் வரும் நம் ‘கொள்’ளைப் போன்றதுதான் அது, ஆனால் ஆளுக்கேற்ப மாறும், நான் என்றால் ‘மை’, நீ என்றால் ‘தை’. அதை விட்டுவிட்டு, அழுத்தத்தையும் ‘போ’வில் வைக்காமல் ‘தா’வில் வைத்தால், ஸ்வெட்டரைப் போடுவதற்குப் பதிலாகத் தொடுகிறோம். தொலைபேசி உரையாடலை நடித்துக்காட்டியபோது, தான் உடம்பு போட்டுவிட்டதாகச் சொல்ல வந்த தங்கை ‘மை’யை விழுங்கிவிட்டாள், ‘லெக்கெ போ’ தனித்து நின்றால் அழைப்பைத் துண்டிப்பது என்று பொருள் என்பதால், பேசிக்கொண்டே “நான் வைத்துவிட்டேன்” என்று சொன்னதாயிற்று.

இத்தனை நுட்பமாகக் கற்பிக்கும் ஒருவருக்கு ஒலிப்பதிவுகூடக் கொடுக்காத நிர்வாகத்தின் மீதுதான் எனக்கு வருத்தம். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வாரத்துக்கு ஒருமுறை காதால் கேட்டு நினைவில் வைக்க முடியாது. சேர்பவர்கள் கையேட்டை வாங்காமல், பேர்கன் பல்கலைக்கழகமும் நோர்வேயின் மொழி மன்றமும் இணையத்தில் இலவசமாகத் தரும் ‘புக்மோல்’ (நோர்வேஜிய மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்று) அகராதியைப் பார்க்கலாம். ஒவ்வொரு வினைக்கும் எடுத்துக்காட்டுகள் அதில் உண்டு. கையேட்டைத் திருத்துவீர்களா என்று அலுவலகத்தில் கேட்டேன். அச்சிட்டவை தீர்ந்த பிறகு பார்ப்போம் என்றார்கள். மேசைக்குக் கீழே இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன.