நூறு கோடியே ஏழா, 998244353-ஆ?

அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னாலேயே லேப்டாப் வந்துவிடும். அக்கா மகள் இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள். "மாமா, கோடிங் கணக்குல எல்லாம் விடையை 1000000007-ஆல வகுத்து மீதியைக் கேக்குறான். சிலதுல மட்டும் 998244353. எதுக்கு ரெண்டு?"

இரண்டுமே பகா எண்கள். அவற்றுக்குக் குறைவான இரு எண்களைக் கூட்டினால் 32 பிட்டுக்குள்ளும் (கம்ப்யூட்டரின் 0, 1 இலக்கங்கள் 32), பெருக்கினால் 64 பிட்டுக்குள்ளும் அடங்கிவிடும். மீதிகளை நேராக வகுக்க முடியாது; பகா எண் என்பதால் ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை வைத்து வகுத்தலைப் பெருக்கலாக்கி முடித்துவிடலாம். இதுவரை சமம்.

இரண்டிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 1000000006 = 2 × 500000003. அந்த 500000003-உம் பகா எண், அதற்கு மேல் உடையாது. ஆனால் 998244352 = 7 × 17 × 2²³. 23 தடவை பாதியாக்கலாம்.

நீளமான இரண்டு பல்லுறுப்புக்கோவைகளைப் பெருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் உறுப்பு என்றால், பள்ளிக்கூட முறையில் ஆயிரம் கோடிப் பெருக்கல். ஃபூரியே உருமாற்றம் போலப் பாதி பாதியாகப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கோடியில் முடியும். அப்படிப் பிரிக்க அந்த 23 படிகள் வேண்டும். 83,88,608 நீளம் வரை தாங்கும். தசமப் பிழைக்கும் இடமில்லை, எல்லாம் முழு எண். நூறு கோடியே ஏழில் ஒரு படியோடு ஏணி முடிந்துவிடுகிறது. வேறு மூன்று பகா எண்களில் தனித்தனியாகச் செய்து சீன மீதித் தேற்றத்தால் (பல மீதிகளிலிருந்து மூல எண்ணை மீட்கும் வழி) ஒட்டலாம்தான், ஆனால் வேலை மூன்று மடங்கு.

"அப்போ 2147483647? அதுவும் பகா எண்தானே?" ஆமாம், ஆய்லர் 1772-லேயே நிரூபித்தது. 2³¹ − 1 என்பதால் வகுக்காமலே, பிட்டுகளை வெட்டிக் கூட்டி மீதி எடுக்கலாம். ஆனால் ஒன்றைக் கழித்தால் ஒரே தடவைதான் பாதியாகும். சொற்களை ஹாஷ் செய்ய, அதாவது ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண்ணாக்க, மூன்றுமே பத்தாது: ஒரு லட்சம் சொற்களுக்குள் சுமார் 500 கோடி ஜோடிகள், நூறு கோடி இடம் என்றால் ஐந்து மோதலாவது (இரு சொல்லுக்கு ஒரே எண்) எதிர்பார்க்க வேண்டும். அங்கே இவற்றைவிட மிகப் பெரிய 2⁶¹ − 1 போடு என்றேன்.

என் ஓட்டு 998244353-க்கு. மனப்பாடம் ஆகக் கொஞ்ச நாள் பிடிக்கும், சரி. நூறு கோடியே ஏழு நாக்கில் நிற்கும், விரலில் நிற்காது. ஒருமுறை நான் ஒரு பூஜ்யத்தை விட்டு 100000007 என்று அடித்துவிட்டேன். அதுவும் பகா எண்! வகுத்தல் எல்லாம் ஒழுங்காக நடந்தது, புரோகிராம் ஒரு இடத்திலும் முரண்டு பிடிக்கவில்லை. விடை மட்டும் தப்பு. பூஜ்யங்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்ற எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆனது.