லைன் வீடு வாங்கப் போறீங்களா, ஊற்று யார் பேரில் இருக்குன்னு முதல்ல பாருங்க

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் மூடிக்கிடக்கும் ஒரு பழைய டீ ஃபேக்டரி, அதை ஒட்டி ஒரு சின்ன ஊர், அதில் மூன்றரை சென்ட்டில் ஒரு லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. போன தை மாதம் நான் வாங்கியது இதைத்தான். ஊர் பேரும் விற்றவர் பேரும் போடவில்லை, போடாதீங்க என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே ஆள் மிச்சமிருக்கும் வீடுகளை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால் இந்தப் பதிவு.

நான் சிங்காநல்லூரில் மில் லைன் வீட்டில் வளர்ந்தவன். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். அந்த மில்லும் போய், லைனும் போய், அங்கே இப்போது அபார்ட்மென்ட் நிற்கிறது. அதனாலோ என்னவோ, பெயின்ட் உரிந்த தகரக் கூரையும், இலைத் தராசு தொங்கிய கொக்கியும், எத்தனையோ வருஷமாக மெஷின் ஓடாமலே உள்ளே தங்கிவிட்ட டீத்தூள் வாசமுமாக அந்த ஃபேக்டரியைப் பார்த்த அன்றே பாதி விழுந்துவிட்டேன். 90களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது நொடித்துப்போன ஃபேக்டரி அது. பல கை மாறி எனக்கு விற்றவரிடம் வந்திருக்கிறது. இவர் துண்டு துண்டாகப் பிரித்து விற்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டேன், சுத்தம். பட்டா விற்பவர் பேரில். செக்‌ஷன் 17 நிலமா பாரு என்று நண்பர் பயமுறுத்தினார், அது கூடலூர், பந்தலூர் பக்கத்தில் உரிமை தீராமல் கிடக்கும் பழைய ஜமீன் நிலங்களின் (ஜென்ம நிலம் என்பார்கள்) பிரச்சினை, இங்கே இல்லை. 1949ஆம் வருஷத்து தனியார் காடுகள் சட்டத்தில் வந்தால் கலெக்டர் தலைமையிலான கமிட்டியின் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது என்றார்கள், அதையும் விசாரித்தேன், வரவில்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் செத்தது ஞாபகம் இருந்ததால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று குனிந்து எண்ணிக்கூடப் பார்த்தேன். பயந்ததை எல்லாம் பார்த்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது, அதனால் தண்ணீரைப் பற்றி பயமே வரவில்லை. பார்க்கப் போனது கார்த்திகையில், அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் சமயம். அப்போது எந்தக் குழாயில்தான் வராது?

மார்ச் இரண்டாவது வாரம் குழாய் காற்றை மட்டும் துப்பியது. அடைப்பாக இருக்கும் என்று மேலே ஏறிப் போனேன். ஃபேக்டரிக்கு மேல் காட்டோரமாக ஒரு ஊற்று, அதிலிருந்து கருப்பு ஹோஸ் பைப் இறங்கி வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டுப் பிரியும். என் டீயில் பைப்பை அறுத்து, வாயில் மூடி போட்டு, அதன்மேல் சைக்கிள் ட்யூபை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ரொம்ப நேர்த்தியான வேலை, சொட்டு ஒழுகவில்லை. அடுத்த டீயில், அதாவது பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் போகும் பைப்பில், தண்ணீர் ஓடுவது கையில் தெரிந்தது.

பாட்டி ஒன்றுதான் கேட்டார். "ஏன் சாமி, உம் பத்திரத்துல ஊத்து எழுதியிருக்குதா?"

அவர் கணவர் அந்த ஃபேக்டரியில் ட்ரையரில் வேலை பார்த்தவர். மூடும்போது பாக்கிக் கணக்குக்கு ஈடாகப் பழைய முதலாளி அந்த வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். தகரப் பெட்டியிலிருந்து பால் கவரில் சுற்றி வைத்திருந்த பத்திரத்தை எடுத்துக் காட்டினார். சொத்து விவரத்தின் கடைசியில், "மாமூல் தடத்தில் வழிநடை பாத்தியமும், மேல்புற ஊற்றுத் தண்ணீரில் பாத்தியமும் சகிதம்." என்னுடையதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு எல்லை, அளவு, அதற்கப்புறம் முற்றுப்புள்ளி. பத்திரம் எழுதும் ஆளை ஏற்பாடு செய்தது விற்றவர், நான் ஆதார் நம்பரும் பேரும் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

விற்றவருக்கு போன் போட்டால், "ஊத்து இப்ப என்கிட்ட இல்லீங்களே சார், வாங்கினவங்களக் கேளுங்க" என்கிறார். வாங்கியவர்கள் காட்டேஜ் கட்டப் போகிறவர்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள் பத்திரத்தில் ஊற்றில் பாத்தியம் உள்ள வீடுகள் என்று நாலு வீட்டைப் பேர் போட்டு எழுதியிருக்கிறது. என் வீடு அதில் இல்லை. பதிவான தேதியைப் பார்த்தேன், என் பதிவுக்குப் பதினோரு நாள் முன்பு. அதாவது என்னிடம் குழாயைத் திறந்து காட்டி அட்வான்ஸ் வாங்கியவர், அந்தத் தண்ணீரை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டுத்தான் எனக்குக் கையெழுத்துப் போட வந்திருக்கிறார். நான் வில்லங்கம் போட்டது என் வீட்டு சர்வே உட்பிரிவுக்கு மட்டும். மேல் நிலத்து சர்வே நம்பரையும் பதிவுத்துறை இணையதளத்தில் போட்டிருந்தால் பைசா செலவில்லாமல் தெரிந்திருக்கும். வில்லங்கச் சான்று நம் நிலத்தில் இருக்கும் வில்லங்கத்தைத்தான் சொல்லும், நமக்கு என்ன கிடைக்கவில்லை என்று சொல்லாது.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய தண்ணீர்தானே, அனுபவ பாத்தியம், அதாவது நீண்ட நாள் அனுபவித்ததால் வரும் உரிமை, கேட்கலாமே என்று வக்கீலிடம் கேட்டேன். 1882 ஈஸ்மென்ட் சட்டத்தில் இருபது வருஷ அனுபவம் என்பது இன்னொருவர் நிலத்தில் அனுபவித்தால்தானாம். இங்கே ஊற்றும் வீடும் ஒரே ஆள் கையில் இருந்தது. "தன் தண்ணியைத் தானே குடிச்சதுக்குப் பாத்தியம் ஏதுங்க?" என்றார். பைப் கண்ணுக்குத் தெரிய ஓடிக்கொண்டிருந்தபோது பிரித்து விற்றதால் வாதாட வேறு வழி இருக்கிறது, முன்சீப் கோர்ட்டில் போடலாம், வருஷக்கணக்காகும் என்றார். போட்டிருக்கிறோம்.

வண்டித் தடமும் இதே கதைதான். ஃபேக்டரி முற்றத்துக்கு கேட் போட்டுவிட்டார்கள், இப்போது ரோட்டிலிருந்து 58 படி. வாரம் இரண்டு தடவை பிக்கப்பில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் வருகிறது. அதை ரோட்டோரம் ட்ரம்மில் இறக்கி, குடம் குடமாக நானும் மனைவியும் கீழே கொண்டு போகிறோம். பாட்டி காலையில் இரண்டு குடம் தருகிறார், வேண்டாம் என்றால் கோபம் வருகிறது.

போன வாரம் தம்பி மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். அதே லைனில் கடைசி இரண்டு வீடு, "24 மணி நேரமும் ஊற்றுத் தண்ணீர்". கூடவே ஒரு போட்டோ, நீலக் கைப்பிடி போட்ட குழாய், அதன் கீழே விளிம்பு உடைந்த சிமென்ட் தொட்டி, நுரைக்க நுரைக்கத் தண்ணீர். கார்த்திகையில் எடுத்த படம். அது என் வீட்டுக் குழாய்.