லோட் 38, சிபியு சும்மா கிடக்கிறது: சர்வரில் எந்த எண்ணை நம்புவது?

நள்ளிரவு 12 மணிக்கு வந்த எச்சரிக்கையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: லோட் ஆவரேஜ் 38. ஓடுகிற, காத்திருக்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை அது. அந்த சர்வரில் இருப்பதோ 4 கோர், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை ஓட்டும் சிபியு. கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து நிலவரம் காட்டும் டாப் கட்டளையை அடித்தால், சிபியு 94 சதவீதம் சும்மா கிடக்கிறது. வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன், பளிச்சென்று திறக்கிறது. எண் மட்டும் 38.

முதல் அரை மணி நேரம் டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேக்கப்புக்காக இன்னொரு சர்வரின் டிஸ்க்கை என்.எஃப்.எஸ் என்ற நெட்வொர்க் வழியில் இங்கே இணைத்து (மவுன்ட் செய்து) வைத்திருந்தேன். அந்த எதிர்முனை சர்வர் இரவு 9 மணிக்கு முன்னாலேயே படுத்துவிட்டது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் என்ற நேரக்காவலன் எழுப்பிவிட்ட ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் அங்கே போய் நின்றது, திரும்பவில்லை. மூன்று மணி நேரத்தில் அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் அந்த 38.

ஒரு சர்வர் திணறுகிறதா இல்லையா என்று சொல்ல லினக்ஸில் மூன்று அளவைகள் போட்டியிடுகின்றன: பழைய லோட் ஆவரேஜ், எல்லோரும் பார்க்கும் சிபியு சதவீதம், 2018இல் வந்த பி.எஸ்.ஐ என்னும் நெருக்கடிக் கணக்கு. மூன்றில் எது உண்மை சொல்கிறது என்று கேட்டால், மூன்றுமே உண்மைதான் சொல்கின்றன. ஆனால் நாம் கேட்காத கேள்விக்கு.

லோட் ஆவரேஜ்: தலைக்கணக்கு

ரேஷன் கடை வாசலில் நின்று தலையை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தராசுக்கு முன்னால் அரிசி வாங்கிக்கொண்டிருப்பவர், அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள், கார்டைக் கொடுத்துவிட்டு 'லாரி வரட்டும்' என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள், எல்லோரையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னால் அதுதான் லினக்ஸின் லோட். தராசு என்பது கோர். வாசலில் இருப்பவர்கள் ப்ராசஸ்கள், அதாவது ஓட விட்ட நிரல்கள். அதில் திண்ணைக்காரர்கள் 'டி' நிலையில் இருப்பவை. பெரும்பாலும் டிஸ்க்குக்காகவோ இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு பூட்டு திறப்பதற்காகவோ காத்திருப்பவை, சாதாரண சிக்னல் அனுப்பினால் எழுந்திருக்காதவை.

திண்ணைக்காரர்களைச் சேர்ப்பது லினக்ஸின் தனி வழக்கம். லோட் ஆவரேஜ் என்ற எண்ணமே டெனெக்ஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து வந்தது. 1973இல் வெளியான ஆர்.எஃப்.சி 546 என்ற நெட்வொர்க் ஆவணம் டெனெக்ஸ் கணினிகளின் லோட் ஆவரேஜைப் பற்றியதுதான். அங்கே எண்ணப்பட்டது சிபியுவுக்கான வரிசை. லினக்ஸும் ஆரம்பத்தில் அப்படித்தான் எண்ணியது. 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் கெர்னல் கோடுக்கு ஒரு திருத்தம் (பேட்ச்) அனுப்பினார். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கு இருந்த வேகமான டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்க்கைப் போட்டால் மெஷின் திணறுகிறது, லோட் ஆவரேஜோ குறைகிறது, இது என்ன நியாயம் என்பது அவர் வாதம். டிஸ்க்குக்காகக் காத்திருப்பவர்களையும் எண்ண ஆரம்பித்தார்கள். இந்தப் பழைய மின்னஞ்சலை 2017இல் தோண்டி எடுத்து எழுதியவர் கணினி வேகத்தை ஆராயும் பிரெண்டன் கிரெக்.

உர்லிக்ஸின் வாதம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. ஆனால் அன்றைக்கு 'டி' நிலை என்றால் ஏறக்குறைய டிஸ்க் என்று அர்த்தம். பிறகு கெர்னல் வளர வளர, என்னென்னவோ இடங்களில் அந்த நிலையைப் பயன்படுத்தினார்கள். எண் வீங்கியது, அர்த்தம் கரைந்தது. இந்தக் கணக்கைப் போடும் கெர்னல் கோப்பின் தலைப்புக் குறிப்பிலேயே, இது ஓர் அசட்டு எண், ஆனால் மக்கள் இதை முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்ற தொனியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது அந்த 1, 5, 15 நிமிடம். லோட் ஆவரேஜ் எப்போதும் இந்த மூன்று கால அளவுகளுக்கு மூன்று எண்களாகத்தான் வரும். கடந்த ஒரு நிமிடத்தின் சராசரி என்றுதான் நானும் பல வருடம் நம்பினேன். அப்படி இல்லை. கெர்னல் ஏறக்குறைய 5 வினாடிக்கு ஒருமுறை தலையை எண்ணி, பழைய மதிப்போடு கொஞ்சமாகக் கலக்கிறது. நேற்றைய குழம்பில் இன்றைய குழம்பை ஊற்றுவது மாதிரி, பழைய ருசி மெல்ல மெல்லத்தான் போகும். சும்மா கிடக்கும் மெஷினில் ஒரே ஒரு கனமான ப்ராசஸை ஓட விட்டு ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள்: முதல் எண் 1 காட்டாது, 0.63 பக்கத்தில்தான் நிற்கும். இதன் மறுபக்கம் இன்னும் தொல்லை. பிரச்சினை தீர்ந்து 5 நிமிடம் ஆன பிறகும் 15 நிமிட எண் தன் உச்சத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். எல்லாம் சரியாகிவிட்ட சர்வரை அந்த எண்ணுக்குப் பயந்து ரீஸ்டார்ட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் செய்திருக்கிறேன்.

ஆகவே மூன்று எண்களையும் அளவாகப் படிப்பதைவிட திசையாகப் படிப்பது நல்லது. முதல் எண் பெரிது, மூன்றாவது சிறிது என்றால் கூட்டம் சேர்கிறது. முதலாவது சிறிது, மூன்றாவது பெரிது என்றால் கலைகிறது.

சிபியு சதவீதம்: தராசைப் பார்ப்பது

இது வரிசையைப் பார்ப்பதே இல்லை. தராசு ஆடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 100 சதவீதம் என்றால் வாசலில் யாருமே காத்திருக்கவில்லை என்றும் இருக்கலாம், தெருக்கோடி வரை வரிசை நிற்கிறது என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண்.

டாப் காட்டும் 'டபிள்யூ.ஏ' என்ற பகுதியைப் பார்த்து டிஸ்க் நிலவரத்தை முடிவு செய்பவர்கள் பலர். அது உண்மையில் சும்மா இருக்கும் நேரத்தின் ஒரு வகைதான். கோர் சும்மா இருக்கிறது, அதில் ஓடியது ஏதோ டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவே. அதே சமயம் வீடியோ மாற்றும் வேலை ஒன்றை ஓட விட்டால் 'டபிள்யூ.ஏ' சட்டென்று சரியும். டிஸ்க் அதே பாட்டைத்தான் படுகிறது. ஆனால் கோருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. 'டபிள்யூ.ஏ குறைந்துவிட்டது, டிஸ்க் சரியாகிவிட்டது' என்று ரிப்போர்ட் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை: 'எஸ்.டி' என்ற பத்தி. வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷினில், நமக்கு வர வேண்டிய சிபியு நேரத்தை ஒரே கணினியைப் பல மெஷின்களாகப் பங்கிடும் ஹைப்பர்வைசர் வேறொருவருக்குக் கொடுத்த பங்கு அது. ஒருமுறை மாதக் கட்டணம் குறைவு என்று ஒரு சேவையில் சின்ன மெஷின் எடுத்தேன். மாலையானால் லோட் ஏறும், நம் பக்கம் கூட்டமே இருக்காது. 'எஸ்.டி' 30ஐத் தாண்டி நின்றது. லோட் ஆவரேஜ் ஏதோ கூட்டம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நம் தண்ணீரை உறிஞ்சுகிறார் என்று சொன்னது இந்தப் பத்திதான்.

பி.எஸ்.ஐ: காத்திருந்தவரைக் கேட்பது

ஃபேஸ்புக்கில் இருந்த யோகானஸ் வைனர் எழுதியது. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னலில் சேர்ந்தது. கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவுக்குள் பிரஷர் என்று ஓர் அடைவு, அதில் சிபியு, மெமரி, ஐ.ஓ (டிஸ்க் போக்குவரத்து) என்று மூன்று கோப்புகள். உள்ளே 'சம்' (some, சிலர்), 'ஃபுல்' (full, எல்லோரும்) என்று வரிகள். ஒவ்வொன்றிலும் 10, 60, 300 வினாடிச் சராசரி, அதோடு மைக்ரோ வினாடியில் ஒரு மொத்தக் கணக்கு.

இங்கே தலையை எண்ணுவதில்லை, வீணான நேரத்தை எண்ணுகிறார்கள். சிபியு கோப்பில் 'சம்' வரியின் 10 வினாடி எண் 35 என்றால், கடந்த 10 வினாடியில் சுமார் மூன்றரை வினாடி யாராவது ஒருவர் சிபியு கிடைக்காமல் நின்றார். 'ஃபுல்' என்றால் வேலை வைத்திருந்த எல்லோருமே ஒரே நேரத்தில் நின்றுவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் நகரவில்லை. மெமரி கோப்பில் 'ஃபுல்' ஏறினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்வாப்புக்கும் ரேமுக்கும் இடையே பக்கங்களைத் தூக்கிச் சுமந்தே மெஷின் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதன் அழகு, கோர் எத்தனை என்று மனக்கணக்குப் போட வேண்டாம். 4 கோர் சர்வரில் லோட் 4, 64 கோர் சர்வரில் லோட் 4 இரண்டும் ஒன்றல்ல. 35 சதவீத நெருக்கடி எங்கேயும் 35 சதவீதம்தான். ஒரே சர்வரில் அப்ளிகேஷன்களைத் தனித்தனி அறையில் ஓட்டும் கன்டெய்னருக்குள்ளும் இதுவே கை கொடுக்கும். கன்டெய்னரில் நின்று லோட் காட்டும் அப்டைம் கட்டளையை அடித்தால், தனி ஏற்பாடு செய்யாதவரை, வருவது ஹோஸ்ட்டின், அதாவது மொத்த சர்வரின் லோட். பக்கத்து கன்டெய்னரின் பாவம் நம் தலையில் விழும். பி.எஸ்.ஐயோ ஒவ்வொரு சிகுரூப்புக்கும் (கெர்னல் சேர்த்துக் கணக்கு வைக்கும் ப்ராசஸ் குழு) தனிக் கோப்பு வைத்திருக்கிறது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். மெமரி தீரும்போது ப்ராசஸை நிறுத்தும் சிஸ்டம்டி-ஊம்டி போன்றவை இந்த எண்ணை வைத்துத்தான் யாரைக் கொல்வது என்று தீர்மானிக்கின்றன.

குறை? சில லினக்ஸ் தொகுப்புகளில் (டிஸ்ட்ரோ) இந்த வசதி கெர்னலுக்குள் இருந்தாலும் அணைத்து வைத்திருப்பார்கள். ரெட் ஹேட் 8 அப்படித்தான், பூட் வரியில் சொல்லி எழுப்ப வேண்டும். அப்புறம், நிற்பது ஒருவரா நூறு பேரா என்று இது சொல்லாது.

ஒரே சர்வர், வெவ்வேறு இரவுகள்

4 கோரிலும் கனமான வேலை, ஆனால் சரியாக நான்கே ப்ராசஸ். லோட் 4, சிபியு 100, பி.எஸ்.ஐ ஏறக்குறைய பூஜ்யம். யாரும் காத்திருக்கவில்லை, கொடுத்த காசுக்கு மெஷின் உழைக்கிறது. சிபியு எண்ணை மட்டும் பார்ப்பவர் இங்கே பெரிய மெஷின் வாங்கக் கோரிக்கை எழுதிவிடுவார். அதே வேலை எட்டு ப்ராசஸாக வந்தால் சிபியு அதே 100தான். லோட் 8க்கு ஊரும், பி.எஸ்.ஐயின் 10 வினாடி எண் அரை நிமிடத்துக்குள் 100ஐ நெருங்கும். வேகத்தில் பி.எஸ்.ஐக்கு இணை இல்லை.

கன்டெய்னருக்கு அரை கோர் என்று வரம்பு வைத்துவிட்டு மறந்துபோன இரவு இன்னொன்று. ஹோஸ்ட் காலி, லோட் 1க்குக் கீழே, அப்ளிகேஷன் மட்டும் நத்தை. வரம்பைத் தொட்டவுடன் ப்ராசஸை வரிசையிலிருந்தே எழுப்பி வெளியே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே தலைக்கணக்கில் அது வராது. இங்கே லோட் ஆவரேஜை நம்பினால் 'சர்வரில் ஒன்றுமில்லை, கோடில்தான் கோளாறு' என்று டெவலப்பரிடம் சண்டைக்குப் போக வேண்டியதுதான். சிகுரூப்பின் சிபியு-ஸ்டாட் கோப்பில் எத்தனை முறை கழுத்தைப் பிடித்தார்கள் என்ற எண் இருக்கும். அதைப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

சரி, அந்த 38 இரவுக்கு வருவோம். இவ்வளவு சொன்ன பிறகு, பி.எஸ்.ஐ இருந்திருந்தால் உடனே காட்டியிருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பிறகு ஒரு பழைய மெஷினில் வேண்டுமென்றே என்.எஃப்.எஸ் சர்வரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். டி.எஃப், எல்.எஸ் போன்ற கோப்புக் கட்டளைகள் எல்லாம் தொங்குகின்றன, லோட் ஏறுகிறது, ஐ.ஓ நெருக்கடி பூஜ்யத்திலேயே இருக்கிறது. வி.எம்.ஸ்டாட் கட்டளையில் காத்திருப்போரைக் காட்டும் 'பி' பத்தியும் பூஜ்யம். காரணம் கெர்னலுக்குள் இருக்கிறது. பி.எஸ்.ஐயும் அந்தப் பத்தியும் 'ஐ.ஓவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று முறையாகக் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே எண்ணுகின்றன. என்.எஃப்.எஸ்ஸில் கோப்பு விவரம் கேட்டு நெட்வொர்க் பதிலுக்காக நிற்கும் ப்ராசஸ் அந்தக் கையெழுத்தைப் போடாமலே 'டி' நிலைக்குப் போய்விடுகிறது. கெர்னல் பூட்டுகளுக்காக நிற்பவையும் அப்படியே. இவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் எண்ணியது, அசட்டு எண் என்று அதை எழுதியவர்களே சொல்லும் லோட் ஆவரேஜ் மட்டும்தான்.

அதனால் அதை நான் தூக்கிப் போடவில்லை, பதவியை மட்டும் மாற்றிவிட்டேன். தூக்கத்திலிருந்து எழுப்பும் உரிமை இப்போது பி.எஸ்.ஐக்குத்தான்: மெமரி 'ஃபுல்' 60 வினாடிக் கணக்கில் 10ஐத் தாண்டினால் போன் அடிக்கும். ஐ.ஓ 'ஃபுல்'லுக்கு 40 வைத்திருக்கிறேன். இவை என் சர்வர்களுக்குப் பழகிப் பழகி வந்த எண்கள், உங்களுடையதற்கு வேறாக இருக்கும். சிபியு 'சம்' எவ்வளவு ஏறினாலும் பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், இரவில் மொத்தமாக ஓடும் (batch) வேலைகள் அதை எப்படியும் ஏற்றும். சிபியு சதவீதத்துக்கு அலாரமே கிடையாது. 'எஸ்.டி'யை மட்டும் வாரம் ஒருமுறை வரைபடத்தில் பார்க்கிறேன்.

லோட் ஆவரேஜ் 5 நிமிட எண் கோர் எண்ணிக்கையைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் போன் அடிக்காது. ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். அந்த நொடியில் 'டி' நிலையில் இருக்கும் ப்ராசஸ்களை பி.எஸ் கட்டளையால் எடுத்து, ஒவ்வொன்றும் கெர்னலில் எந்த இடத்தில் தூங்குகிறது என்ற டபிள்யூ-சான் பத்தியோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கும். காலையில் காபியோடு அதைத் திறப்பேன். ஆர்.பி.சி (என்.எஃப்.எஸ் எதிர்முனையோடு பேசும் முறை) என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக நின்றால் டேட்டாபேஸ் பக்கமே போவதில்லை. நேராக மவுன்ட் பட்டியலுக்குத்தான்.