பைத்தானோடு இரண்டு வருடம்: சின்ன நிரல்களும் தினம் அரை மணி நேரமும்

பைத்தான் என்ற நிரலாக்க மொழியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. என் வேலைக்கும் நிரலாக்கத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, பட்டியல்களைச் சரிபார்ப்பது, ஒரு தாளில் இருக்கும் எண்களை இன்னொன்றில் ஏற்றுவது, இதுதான் அன்றாடம். கணினிப் படிப்பும் படித்ததில்லை. இந்த நிலையில் தொடங்கிய எனக்கு எது பலித்தது, எது நேரத்தைத் தின்றது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் வீண். வீடியோ பாடங்கள் பார்த்தேன். சொல்லிக்கொடுப்பவர் தட்டச்சு செய்யச் செய்ய எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது. லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) புரிந்தது, லிஸ்ட் (மதிப்புகளின் வரிசை) புரிந்தது, ஃபங்ஷனும் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) புரிந்தது. அப்புறம் ஒருநாள் வெற்று எடிட்டரைத் திறந்து, 1 முதல் 100 வரை உள்ள ஒற்றைப்படை எண்களைக் கூட்ட வேண்டும் என்று எனக்கு நானே கணக்கு கொடுத்துக்கொண்டேன். முதல் வரியே வரவில்லை. பார்த்ததெல்லாம் கண்ணோடு நின்றுவிட்டது, கைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து வழியை மாற்றினேன். தினம் அரை மணி நேரம், எழுதுவதற்கு மட்டும். பாடம் பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது.

முதலில் எழுதியது எண்ணை யூகிக்கும் விளையாட்டு. கணினி 1 முதல் 100 வரை ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும், நாம் கண்டுபிடிக்க வேண்டும். பதினைந்து வரிகூட இல்லை. ஆனால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் ‘தவறு’ என்றே வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, நிரல் ஒழுங்காக ஓடியது. கடைசியில், கணினி வைத்திருக்கும் எண்ணையே திரையில் காட்டச் சொன்னேன். 42 என்று காட்டியது. நானும் 42 என்று அடித்தேன். தவறு! மறுபடியும் 42. மறுபடியும் தவறு.

இரண்டு நாள் அதிலேயே போனது. மூன்றாம் நாள் இரண்டு மதிப்புகளையும் ‘ரெப்ர்’ என்ற ஃபங்ஷன் வழியாக அச்சிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒன்று 42, இன்னொன்று மேற்கோள் குறிக்குள் '42'. விசைப்பலகையிலிருந்து ‘இன்புட்’ எதை வாங்கினாலும் எழுத்துச்சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துகளின் தொடராகத்தான் தரும். எண்ணாக வேண்டுமென்றால் ‘இன்ட்’ போட்டு நாம்தான் மாற்ற வேண்டும். எண் 42-ம் எழுத்தாக இருக்கும் '42'-ம் சமமா என்று கேட்டால் பைத்தான் அமைதியாக ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகும். எது பெரியது என்று கேட்டிருந்தால் டைப்எரர் என்ற வகைப் பிழையைக் காட்டி அங்கேயே நின்றிருக்கும். ‘இன்னும் பெரிய எண்’, ‘இன்னும் சிறிய எண்’ என்று துப்பு கொடுக்கும் பகுதியை நான் அதுவரை எழுதவில்லை, அதனால்தான் பிழை இரண்டு நாள் ஒளிந்திருந்தது. வேரியபிளின் (மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர்) வகை என்றால் என்ன என்று வீடியோவில் நான்கு முறையாவது கேட்டிருப்பேன். எனக்குப் புரிந்தது அந்த மூன்றாம் நாளில்தான்.

அதே விளையாட்டைத் திருப்பியும் எழுதினேன். எண்ணை நான் நினைத்துக்கொள்வேன், கணினி கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே வந்தால் 7 யூகத்துக்குள் எந்த எண்ணும் அகப்பட்டுவிடும், ஏனென்றால் ஏழு இரண்டுகளைப் பெருக்கினால் 128. எல்லா எண்ணுக்கும் சரியாக வந்தது, 100-ஐ நினைத்தால் மட்டும் கணினி 99-லேயே நின்று சுற்றியது. கீழ் எல்லையை நடு எண்ணுக்கே நகர்த்தியிருந்தேன். 99-க்கும் 100-க்கும் நடு எண், பின்னத்தை வெட்டிவிட்டால் 99தான். எல்லையை ஒன்று கூட்டி நகர்த்தியதும் சரியானது. ஓரத்து மதிப்புகளை முதலில் சோதிக்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

பிறகு கால்குலேட்டர், பகடை, கடவுச்சொல் உருவாக்கி என்று வழக்கமாகச் சொல்லப்படும் எல்லாவற்றையும் எழுதினேன். அவற்றில் பாதி இப்போது நினைவில்கூட இல்லை. எழுதி முடித்தேன், ஒருமுறை ஓட்டினேன், மூடினேன், அவ்வளவுதான். நானே பயன்படுத்திய நிரல்கள்தான் என்னை வளர்த்தன.

அவற்றில் நீண்ட நாள் ஓடுவது செலவுக் கணக்கு. பத்தொன்பது மாதமாகத் தினமும் அதில் எழுதுகிறேன். முதல் வாரமே மொத்தத் தொகையின் கடைசியில் நீளமான தசம வால் வந்தது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். நிரலில் பிழை இல்லை. பத்தில் ஒன்று என்ற பின்னத்தை இருமத்தில் (0, 1 மட்டும் உள்ள எண்முறை) முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போக வேண்டும், கணினி ஓர் இடத்தில் வெட்டிவிடுகிறது. பணக்கணக்கு என்றால் ‘டெசிமல்’ மாட்யூலை (தயாராக இருக்கும் நிரல் தொகுப்பு) பயன்படுத்துங்கள், இல்லையென்றால் தொகையை மிகச் சிறிய அலகுக்கு மாற்றி முழு எண்ணாகவே வையுங்கள். நான் இரண்டாவதைச் செய்கிறேன். ஒரு மாதம் கழித்து ‘பயணம்’ என்ற தலைப்பு இரண்டு இடத்தில் தனித்தனியாக வந்து நின்றது. ஒன்றின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. ஓரத்து இடைவெளிகளை வெட்டும் ‘ஸ்ட்ரிப்’ என்ற ஒரே சொல்லில் தீர்ந்தது. இந்த மாதிரிச் சங்கதிகள் ஒருநாள் பயிற்சியில் தலைகாட்டாது. தினம் பயன்படுத்தும்போதுதான் ஒவ்வொன்றாக வரும்.

ஒரு பெரிய நஷ்டமும் உண்டு. படங்களின் பெயரை எடுத்த தேதி, மணி, நிமிடம் வைத்து மாற்றும் நிரல் எழுதினேன். அடைவில் (ஃபோல்டர்) 312 படங்கள் இருந்தன, நிரல் ஓடி முடித்தபோது 271தான் இருந்தன. ஒரே நிமிடத்தில் எடுத்த படங்களுக்கு ஒரே பெயர் கிடைத்திருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிட்டது. பெயர் மாற்றும் அந்த ஃபங்ஷன், அதே பெயரில் கோப்பு இருந்தால் விண்டோஸில் மறுத்துவிடும், லினக்ஸில் ஒன்றும் சொல்லாமல் மேலெழுதும். என்னுடையது லினக்ஸ். பெரும்பாலான படங்களுக்கு வேறிடத்தில் நகல் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. அவை போனதுதான், இன்றும் வருத்தம் இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: கோப்புகளைத் தொடும் எந்த நிரலையும் முதலில் நகல் அடைவில் ஓட்டுங்கள். பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கம்பக்கமாக அச்சிட்டு மட்டும் பாருங்கள். பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு உண்மையான மாற்றத்தைச் செய்யலாம். புதிய பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்ற ஒரு சோதனை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. இருபுறமும் ஒரே மாதிரி வரும் சொல்லைக் கண்டுபிடிப்பது எல்லாப் பாடத்திலும் வரும் பயிற்சி. சொல்லைத் திருப்பிப் போட்டு, பழையதோடு சமமா என்று பார்த்தால் போதும், ஒரே வரி. நான் ஆசையாக ‘விகடகவி’ என்று கொடுத்தேன். இல்லை என்று சொல்லிவிட்டது! நம் கண்ணுக்கு அதில் ஐந்து எழுத்து. பைத்தானிடம் நீளத்தைக் கேட்டால் 7 என்கிறது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ‘வி’ என்பது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடு. திருப்பும்போது குறி முன்னால் வந்துவிடுகிறது, வகரம் தனியாகக் கடைசிக்குப் போகிறது. ‘தமிழ்’ என்பதைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். புள்ளி அநாதையாக முதலில் நிற்கும், மகரத்தோடு இருந்த இகரம் ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு ‘ழி’ ஆகிவிடும்.

இதைச் சரிசெய்ய ஐந்து நாள் ஆனது, இரண்டு வருடத்தில் நான் மிகவும் ரசித்த ஐந்து நாள் அதுதான். ‘யூனிகோடுடேட்டா’ என்ற மாட்யூல் பைத்தானோடே வருகிறது. ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் அதனிடம் கேட்கலாம். துணைக்குறி என்று சொன்னால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புதிய எழுத்தாக லிஸ்டில் சேர். இப்படிப் பிரித்த லிஸ்டைத் திருப்பினால் விகடகவி ஒழுங்காக விகடகவியாகவே வந்தது. க்ஷ, ஸ்ரீ போன்றவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி தேவை. இந்த வேலையைச் செய்துதர ‘ஓபன்-தமிழ்’ என்ற லைப்ரரி இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் ஒருமுறை கையால் எழுதிப் பார்க்கத்தான் சொல்வேன். இன்னொன்று, தமிழ் உரையுள்ள கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். என் கணினியில் ஓடிய நிரல் இன்னொரு விண்டோஸ் கணினியில் கந்தல் எழுத்தாகக் காட்டியதற்கு அதுதான் காரணம்.

பிழைச் செய்திகளைப் பற்றி. ஆரம்பத்தில் சிவப்பைப் பார்த்ததும் படிக்காமலே நிரலை மாற்ற ஆரம்பிப்பேன். இப்போது கடைசி வரியை முதலில் படிக்கிறேன், என்ன நடந்தது என்று அங்கே இருக்கும். அப்புறம்தான் மேலே போய் எந்த வரி என்று பார்ப்பது. கூடுமானவரை புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். முக்காற்புள்ளியை மறந்தால் பழைய பதிப்புகள் ‘இலக்கணப் பிழை’ என்று மட்டும் சொல்லும். 3.10 முதல் முக்காற்புள்ளி எதிர்பார்க்கப்பட்டது என்றே சொல்கிறது. பெயரைத் தப்பாக அடித்தால் இதையா நினைத்தீர்கள் என்றும் கேட்கிறது. 3.11-ல் வரிக்குள்ளேயே எந்தத் துண்டில் கோளாறு என்று அடிக்கோடு போட்டுக் காட்டுகிறது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது பெரிய உதவி. மொழி 1991-ல் வெளிவந்தது என்பதால் பழைய பாடங்களும் நிறையக் கிடைக்கும். பிரிண்டுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பைத்தான் 2, ஒதுக்கிவிடுங்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது.

தினப் பயிற்சி என்றால் ஒருநாள்கூட விடாமல் செய்தேன் என்று அர்த்தமில்லை. ஒருமுறை மூன்று வாரம் விட்டுப்போனது. திரும்பி வந்தபோது என் நிரலே எனக்கு அந்நியமாக இருந்தது. அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் முடியும்போது, நாளை முதலில் செய்ய வேண்டியதை # போட்டு (அப்படிப் போட்ட வரியைப் பைத்தான் கண்டுகொள்ளாது) ஒரு வரியில் எழுதிவிட்டுத்தான் மூடுவேன். மறுநாள் உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்ற யோசனையே வராது. களைத்த நாளில் பத்து நிமிடம் பழைய நிரலைப் படித்து, ‘அ1’, ‘அ2’ என்று இருக்கும் பெயர்களைப் பொருளுள்ள பெயர்களாக மாற்றுவேன். அதுவும் பயிற்சிதான்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் முழு நிரலையும் எழுதச் சொல்லி ஒருமுறை வாங்கினேன். நன்றாக ஓடியது. ஒரு மாதம் கழித்துச் சின்ன மாற்றம் தேவைப்பட்டபோது எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. இப்போது பிழைச் செய்தியை விளக்கச் சொல்ல மட்டும் கேட்கிறேன், நிரலை நானே எழுதுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பைத்தான் நிறுவாத ஒருவருக்கு நம் நிரலைக் கொடுப்பது இன்னும் எளிதாக இல்லை. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒவ்வொரு நிரலுக்கும் அதன் லைப்ரரிகளைத் தனியாக வைக்கும் இடம்) எதற்கு என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. கிளாஸ் (தரவையும் அதற்கான ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டும் வடிவம்) இன்றும் சரளமாக வரவில்லை, இதுவரை தேவையும் படவில்லை.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது வேலைக்கானது. இரண்டு பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாதவர்களைக் காட்ட வேண்டும். இரண்டையும் ‘செட்’ (ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு) ஆக்கிக் கழித்தால் ஒரே வரிதான். கையால் பார்த்தால் அரை நாள் எடுக்கும் வேலை, இப்போது நொடியில் முடிகிறது. ஆனால் நேற்று ஒரே ஆள் இரண்டு பேராக வந்து நின்றார். மூடும்போது கடைசியில் எழுதி வைத்த வரி: # முன்னெழுத்துக்குப் பின் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெயராக எடுக்க வேண்டும். இன்றைய அரை மணி நேரம் அதற்கு.